அவுட் போட மறந்தவர்

எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டு. அதன் கேட்டில், தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாக ஆட்கள் உள்ளே போகிற நேரத்தையும் வெளியே வருகிற நேரத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே டைம் ஆபீஸ் என்று பலகை தொங்கும். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு நீளமான ரெஜிஸ்டர். பேர், டோக்கன் நம்பர், இன், அவுட். நடுவில் ஒருதரம் விரல் வைக்கிற மெஷின் கொண்டுவந்து மாட்டினார்கள். கரி படிந்த விரல் யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை. ஒரே மாசத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுபடியும் நான்தான்.

உள்ளே போகும்போது எவனும் மறக்க மாட்டான். இன் போடாவிட்டால் அன்றைய வேலை வேலையே இல்லை. வெளியே வரும்போதுதான் எல்லாருக்கும் காலில் வெந்நீர் கொட்டின மாதிரி அவசரம். கும்மிடிப்பூண்டி லைனில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ தெரியாது. அதனால் அவுட் போடாமல் ஓடுகிறவர்கள் தினமும் நாலைந்து பேர் தேறுவார்கள். மறுநாள் காலையில் வந்து தலையைச் சொறிவார்கள். "எத்தினி மணிக்குப் போனே?" என்று கேட்பேன். சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் நானே மணியை எழுதி, பக்கத்தில் சின்னதாக என் இனிஷியலைப் போடுவேன். இது சட்டப்படி சரியா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கதைகளை வீட்டுக்கு வந்து சொல்வேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அண்ணன், அண்ணி, கல்யாணமாகாத தங்கச்சி நான். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டின தெரு, மாடியில் இரண்டு ரூம். வண்டி போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனபிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். அண்ணன் எனக்கு டைம் கீப்பரு என்று பேர் வைத்திருந்தான். நான் படியேறும் சத்தம் கேட்டாலே, "டைம் கீப்பரு வந்துட்டாங்கோ, அல்லாரும் லைன்ல நில்லுங்கோ" என்பான். அண்ணி சிரித்துக்கொண்டே தட்டு எடுத்து வைப்பாள். எந்த விஷயத்தையும் மணியோடு சேர்த்துச் சொல்வது என் வழக்கம். பால் வந்தது ஆறு பத்து, கரண்ட் போனது ஏழு இருபது என்று. அதை வைத்து இரண்டு பேரும் என்னைக் கிண்டல் பண்ணித் தீர்ப்பார்கள்.

அண்ணன் பம்பு ஃபிட்டர். ராயபுரத்திலிருந்து மணலி வரைக்கும் அவன் கை படாத பம்பு கம்மி. ஒரு காண்ட்ராக்டர் வந்து, வடக்கே ஜார்க்கண்ட் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பம்பு வேலை இருக்கிறது என்று கூப்பிட்டபோது, அவன் ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. "இருவது வருசமா கரியைப் பாத்துகினே கீறியே, அது எங்கேர்ந்து வர்துன்னு கேட்டியா? நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றான். போய் ஒரு மாசம் கழித்து போனில் சொன்னான்: "கரி எடுக்கறது சும்மாம்மே. தண்ணி எடுக்கறதுதான் வேலையே. பூமிக்குள்ள எங்க தோண்டினாலும் தண்ணி. நாங்க எடுக்காம வுட்டா ஒரு நாள்ல ரொம்பிடும்." தண்ணீர் எடுக்கப் போனவனைத் தண்ணீரே எடுத்துக்கொண்டது என்று பிற்பாடு எங்கள் தெருவில் ஒரு கிழவர் சொன்னார். நல்லா பேசுகிறோம் என்ற நினைப்பு அவருக்கு. அவர் மூஞ்சியில் முழிக்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை. எனக்குக் காலை ஷிப்ட், மூன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காற்று திரும்பினால் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், அதற்குள் எடுக்கவேண்டும். கீழே என் போன் அடித்தது. அண்ணனோடு வேலை செய்கிற சூப்பர்வைசர், வேலூர்ப் பக்கத்து ஆள். பத்து வருஷமாக அந்தச் சுரங்கங்களில் இருப்பவர். மூச்சு வாங்கப் பேசினார். சுற்றிலும் ஒரே கூச்சல்.

"மேடம், பிட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. பதினோரு பேரு அவுட் ஆயிட்டாங்க. உங்க அண்ணன் இன்னும் அவுட் ஆகல. நான் அப்பறம் பேசறேன்."

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. திருப்பி அடித்தேன், சுவிட்ச் ஆஃப்.

எங்கள் பக்கத்தில் அவுட்டு என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனை அவுட்டு என்பார்கள், அது விளையாட்டுக்கு. நிஜமாகச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். "அந்த டெய்லரு அவுட்டுப்பா" என்று யாராவது சொன்னால், அடுத்து மாலையும் மேளமும் வரும். பதினோரு பேர் அவுட் ஆகிவிட்டார்கள். என் அண்ணன் அவுட் ஆகவில்லை. என் காதுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. மாடிக்கு ஓடினேன்.

"அண்ணி, நாலே காலுக்கு போன் வந்துச்சு. சுரங்கத்துல தண்ணி பூந்துடுச்சாம். பதினோரு பேரு போயிட்டாங்களாம். அண்ணன் நல்லா கீது. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவல."

அண்ணி துணிக் குவியலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பண்ணினாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் வாய்க்குச் சக்கரை போடணும்மே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பதினோரு பேரு பொண்டாட்டிங்களுக்கு யார் போன் பண்ணியிருப்பாங்கோ?" என்று கேட்டாள்.

அண்ணனுக்கு அடித்துப் பார்த்தோம். எடுக்கவில்லை. சுரங்கத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். மற்றவர்களைக் காப்பாற்றுகிற வேலையில் இருப்பார், பம்பு ஆளாச்சே என்று அண்ணி சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டிவியில் அடியில் ஒரு வரி ஓடியது, சுரங்கத்தில் வெள்ளம், பலர் நிலை என்ன என்று. நாங்கள்தான் நிலையைத் தெரிந்து வைத்திருந்தோமே, டிவியை அணைத்துவிட்டோம்.

சாயங்காலம் பஸ் பிடித்துத் திருவொற்றியூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். அண்ணி பன்னிரண்டு அகல் வாங்கினாள். ஒன்று அண்ணனுக்காக, நன்றிக்கு. பதினொன்று போனவர்களுக்கு, மோட்ச விளக்கு. காற்றில் இரண்டு அணைந்தன. இன்னொரு விளக்கிலிருந்து அவள் பொறுமையாக மறுபடி ஏற்றினாள். வீட்டுக்கு வந்தால் விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. எதிர் வீட்டு பாய் வீட்டம்மா சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஹவுரா போகிற வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து பேசினோம்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனேன். போகவேண்டாம் என்று தோன்றவே இல்லை. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால், டிப்பர் ஓட்டுகிறவர் ஒருவர் ஜன்னலண்டை வந்து நின்றார். முந்தின நாள் அவருடைய அவுட் கட்டம் காலி. வழக்கம்போலக் கேட்டேன், எத்தினி மணிக்குப் போனே என்று.

"நேத்து நான் அவுட்டே ஆகலக்கா. டபுள் ஷிப்ட்டு. உள்ளதான் இருந்தேன்."

பேனா கையில் இருந்தது. ரெஜிஸ்டர் திறந்திருந்தது. அதுவரை பத்தொன்பது வருஷமாக என் கையெழுத்தில் ஒரு பக்கம் இன், ஒரு பக்கம் அவுட். அவுட் என்றால் வெளியே வந்தவர். அவுட் ஆகவில்லை என்றால் உள்ளே இருப்பவர். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வைத்தியன் வீட்டு நோவு தீராது, வாத்தியார் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பார்கள். டைம் கீப்பருக்கு அவுட் தெரியவில்லை.

சூப்பர்வைசருக்கு விடாமல் அடித்தேன். பதினோராவது தடவையோ என்னவோ எடுத்தார். குரல் கட்டிப்போயிருந்தது. "நேத்தே சொன்னேனே மேடம். அவுட் ஆகல. உங்க அண்ணனோட சேர்த்து ஒம்போது பேரு உள்ள இருக்காங்க. நீங்க கெளம்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். மணி பதினொன்று பத்து. எனக்கு அழுகை வரவில்லை. அந்த டிப்பர்காரருடைய வரியில் டபுள் ஷிப்ட் என்று எழுதி இனிஷியல் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவுட் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை என்று தெரியும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. அன்று சாயங்காலம் ஹவுரா வண்டியில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறினோம். கொருக்குப்பேட்டை தாண்டும்போது எங்கள் வீட்டு மாடி தெரிந்தது. கொடியில் ஒரு பாவாடை ஆடிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் யார்டு மாதிரியே இருந்தது, ஆனால் யார்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறார்கள். வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், எல்லாச் சுவரும் ஒரே நிறம். ஓரிடத்தில் தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அடியில் எத்தனையோ காலமாகக் கரி எரிகிறதாம், யாரும் அணைப்பதில்லை. பக்கத்திலேயே பெண்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். டீக்கடைக்காரர் இந்தியில் சொன்னதை சூப்பர்வைசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அந்த ஊரில் வருஷத்துக்கு நம்பர் கிடையாது. பெரிய தண்ணி வந்த வருஷம், வாயு வெடித்த வருஷம், கூரை விழுந்த வருஷம். டீக்கடைக்காரருடைய அப்பா பெரிய தண்ணியில் போனாராம். இவருக்குக் கல்யாணம் ஆனது கூரை விழுந்ததற்கு அடுத்த வருஷம். நாங்களும் சுனாமி வருஷம், எண்ணெய் கொட்டின வருஷம் என்றுதான் பேசுகிறோம். ஆனால் எங்களுக்கு நடுவில் மற்ற வருஷங்களும் உண்டு.

தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் சூப்பர்வைசர் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டிக் கைவிட்ட பழைய குழி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் காலங்காலமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. வரைபடத்தில் அது வேறெங்கோ தள்ளி இருந்ததாம். இவர்கள் சுவர் என்று நினைத்துக் குடைந்தது அந்தக் குழியின் விளிம்பு. அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் தண்ணீர்ச் சாவு பெரும்பாலும் இப்படித்தானாம், முன்னால் தோண்டினவன் விட்டுப்போனது பின்னால் வருபவன் தலையில் விழும். கேட் பக்கத்தில் ஒரு கல்லில் பழைய சாவுகளின் பெயர்கள் வெட்டியிருந்தன. எனக்குத் தெரியாத எழுத்து. வேலைப் பழக்கத்தில் வரிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

பிட்டு என்று அவர்கள் சொல்லும் சுரங்கக் குழியின் வாய்க்குப் பக்கத்தில் பூமிக்குள் இறங்கும் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. பம்பிலிருந்து தண்ணீர் மேலே வருகிற குழாய். அண்ணன் மாட்டினது. சூப்பர்வைசர் அதைக் காட்டி, எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்: "உள்ளேர்ந்து இதுல தட்டிகிட்டே இருந்தாங்க. மூணு மூணு தட்டா. வெள்ளிக்கிழமை காலைல வரைக்கும் நல்லா கேட்டுது. மத்தவங்க வீட்டுப் பொம்பளைங்கள்லாம் காது வெச்சுக் கேட்டாங்க. இங்கேர்ந்து திருப்பியும் தட்டினாங்க. மத்தியானத்துக்கு அப்பறம் இல்ல."

புதன்கிழமை சாயங்கால வண்டியில் ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் வந்திருப்போம். நான் மணி கணக்குப் போடுகிற ஆள். போட்டேன். அண்ணியும் போட்டிருப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் குழாய்க்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, முந்தானையால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டுக் காதை வைத்தாள். மத்தியானம் வரைக்கும் எடுக்கவில்லை. எழுந்தபோது அவள் கன்னத்தில் துருவும் கரியுமாக ஒரு வட்டம் இருந்தது. துடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தப்பித்த பதினோரு பேரில் ஒருவன் வந்து அண்ணிக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தான். சின்ன வயசு, கண்ணைச் சுற்றிக் கரி இன்னும் போகவில்லை. உனக்குத்தாண்டா விளக்கு போட்டோம், உயிரோடு நிற்கிறாயே என்று நினைத்தேன். அவன் இருப்பது எனக்குக் கோபமாக இருந்தது. இதை வெளியில் சொல்ல வெட்கம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாசம் கழித்து, தண்ணீர் குறையவில்லை, உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பிட்டின் வாயை மூடிவிட்டார்கள். அதற்குள் நாங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம். சூப்பர்வைசர்தான் போனில் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம். நான் வேலைக்குப் போகிறேன். அண்ணி சமைக்கிறாள். தட்டு வைக்கிறாள். குழம்பில் உப்பு கம்மி என்றால் உப்பு எடுத்துத் தருகிறாள். அவள் என்னை ஒரு தடவை திட்டியிருந்தால் தேவலை. "உன்னாலதாண்டி" என்று தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருந்தால் நான் காலில் விழுந்து அழுதிருப்பேன், இரண்டு பேருக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். அவள் கேட்கவில்லை, நானாக எடுக்கவும் தைரியமில்லை. யார்டில் கப்பலிலிருந்து கரி வந்து குவியும். எந்த ஊர்க் கரி என்று முன்னெல்லாம் விசாரிப்பேன், இப்போது கேட்பதில்லை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். மணி சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் கிண்டல் பண்ண இல்லையே.

உடல் கிடைக்காத சாவுக்குக் காகிதம் நிறைய வேண்டும். செத்தார் என்று ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள், பார்த்தவர் இல்லையே. கடைசியில் ஒரு வக்கீல் சொன்னார், அன்றைய வருகைப் பதிவேட்டின் நகல் இருந்தால் போதும் என்று. உள்ளே போனார், வெளியே வரவில்லை என்பதுதான் அத்தாட்சி. எழுதிப்போட்டு எழுதிப்போட்டு, போன ஐப்பசியில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரே ஒரு ஜெராக்ஸ், முத்திரை குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அண்ணி பிரித்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எங்கள் ரெஜிஸ்டர் மாதிரியேதான் இருந்தது. பேர், டோக்கன் நம்பர், இன், அவுட். அண்ணன் பேரைத் தப்பாக எழுதியிருந்தார்கள், ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது.

"இன்னா எழுதிகீது?"

"காலைல ஏழு அம்பதுக்கு உள்ள போயிருக்கு."

"இந்தக் கட்டத்துல?"

"அது அவுட்டு அண்ணி. ஒண்ணும் எழுதல."

மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவள் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகுதான் தெரிந்தது. அவள் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அலமாரி மேல் இருந்த என் ஆபீஸ் பேனாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"மறந்துட்டுப் போறவங்களுக்கெல்லாம் நீதான போடுவே. உங்க அண்ணனுக்கும் போடு."

எனக்குக் கை வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலண்டை நிற்கிற எல்லாரையும் கேட்பதைத்தான் கேட்டேன்.

"எத்தினி மணின்னு போடறது அண்ணி?"

அவள் யோசிக்கவே இல்லை.

"நாலே கால். மாடிக்கு வந்து சொன்னியே, அண்ணன் நல்லா கீதுன்னு. அப்போ அது வந்துட்டுச்சு. எனக்கு வந்துட்டுச்சு. அதுக்கப்பறம்தான் திரும்ப உள்ள போச்சு."

நாலு பதினைந்து என்று எழுதினேன். பக்கத்தில் என் இனிஷியலைப் போட்டேன். அப்போதுதான் நான் அழுதேன், மூன்று வருஷத்து அழுகையும். அண்ணி அழவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு, கீழே ஒரு ரயில் வந்து தாண்டிப் போகும் வரைக்கும் இருந்தாள்.

கிறுக்கின காகிதம் கோர்ட்டுக்கு ஆகாது. வேறு நகல் கேட்டு மறுபடி எழுதிப்போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.